உதாரணத்துக்கு ஒரு மனைவி

ஓய்வூதிய வாரியத்தின் நான்காம் மாடியில், சரியாக மூடாத ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அலுவலகத்தில் ‘ஆயுள்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. நாட்டு மக்கள் அறுபது வயதில் வேலையை விட்ட பிறகு இன்னும் எத்தனை வருடம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை. இந்த விவரம் தெரிந்துவிட்டால் போதும், விருந்து வீட்டில்கூட அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். பிறந்த நாளுக்குப் போனால் மற்றவர்களெல்லாம் “நூறு வருஷம் நல்லா இருக்கணும்” என்று வாயார வாழ்த்துவார்கள். ஆயுள் மட்டும் பொத்தாம்பொதுவாகச் சிரித்துவைப்பார். நூறு வருஷத்துக்கு என்ன செலவாகும் என்று அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

நிதி என்றதும் எங்கோ ஓர் இரும்புப் பெட்டிக்குள் நம் பெயர் எழுதிய பொட்டலம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பெட்டி கிடையாது. இன்றைக்கு வேலை பார்க்கிறவரிடம் பிடிப்பது இன்றைக்கு ஓய்வில் இருக்கிறவர் வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆயுள் வேலையில் சேர்ந்த காலத்தில், பந்தியில் ஒருவர் உட்கார்ந்தால் பரிமாற ஐந்து பேர் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள். இப்போது மூன்று பேர்கூட முழுசாகத் தேறவில்லை. பிள்ளை பெறுகிறவர்கள் ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்தவர்களோ எழுந்திருக்கிற வழியாக இல்லை. பல் செட்டை மாட்டிக்கொண்டு “இன்னொரு கரண்டி” என்கிறார்கள். மாரடைப்புக்குப் புது மருந்து வந்ததென்று ஊரே கொண்டாடிய தினத்தில், நான்காம் மாடியில் ஒருவரும் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

எந்தக் கணக்குக்கும் ஒரு மாதிரி ஆள் வேண்டும். இந்த வயது, இந்தச் சம்பளம், இத்தனை வருட வேலை என்று ஓர் ஆளைப் பிடித்துப் புது விதியில் போட்டுப் பார்த்தால்தான் விதி நிற்கிறதா, விழுகிறதா என்று தெரியும். மற்றவர்கள் ஆளைக் கற்பனை செய்துகொள்வார்கள். ஆயுளுக்குக் கற்பனை என்றாலே பயம். கல்யாணமான புதிதில் மனைவியின் பிறந்த தேதியை மறந்து, அதன் பலனை ஒரு வாரம் அனுபவித்த பிறகு, அந்தத் தேதி அவர் மூளையில் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது. அதிலிருந்து மாதிரி ஆள் என்றால் மனைவிதான். இந்த முப்பது வருடத்தில் அந்த அம்மாள் காகிதத்தில் பலமுறை வேலையில் சேர்ந்து, பலமுறை ஓய்வு பெற்றிருக்கிறார். ஒரு தடவை எழுபத்தொன்றிலேயே காலமாகியும் விட்டார். அன்று மாலை ஆயுள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்றவரைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, மறுநாள் காலை முதல் வேலையாக அந்த அனுமானத்தை மாற்றினார்.

இதெல்லாம் மனைவிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நகரப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். நிலவறை. ஆவி. பகலில்கூட விளக்கு. உலர்த்தியிலிருந்து வெளியே வரும் படுக்கை விரிப்பு ஓர் ஆளால் மடிக்கிற சமாசாரம் அல்ல. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. இழுத்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையோடு முனை சேர்க்க வேண்டும். கை ஒத்துப்போகாத ஜோடி அமைந்தால் விரல் நகம் பிய்ந்துவிடும். அவருக்கு அமைந்த ஜோடிக்காரி, கூடத்தில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து ஒரே ஆள். ஐந்து மாதம் இளையவள் என்பதற்காக இன்று வரை “அக்கா, அக்கா” என்றே அழைப்பவள்.

முதல் ஷிப்ட் ஐந்து மணிக்கு. கண்ணில் தூசி விழுந்தாலும் துடைக்க நேரமில்லாத ஓட்டம். மனைவியின் ஆசை எல்லாம் ஒன்றே ஒன்று. வருகிற செப்டம்பரில் அறுபது முடிகிறது. அதற்கு மறுநாள் தொடங்கி, வெயில் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அடிக்கிற வரைக்கும் தூங்க வேண்டும். ஊர் சுற்ற வேண்டாம், புதுத் துணி வேண்டாம், பேரப்பிள்ளை கொஞ்ச வேண்டாம். தூங்க வேண்டும்.

அந்தத் தூக்கத்துக்கு உலை வைக்கிற வேலை ஆயுளின் மேசைக்கே வந்து சேர்ந்தது. பரிமாற ஆள் போதவில்லை என்பதால், ஓய்வு வயதை அறுபதிலிருந்து அறுபத்திரண்டாக உயர்த்தப் போகிறது வாரியம். யாரிலிருந்து தொடங்குவது என்று ஒரு கோடு போட வேண்டும். ஜூலையிலிருந்து அறுபதைத் தொடுகிறவர்களா, அடுத்த ஜனவரியிலிருந்து தொடுகிறவர்களா? ஜூலை என்றால் மனைவிக்கு இரண்டு வருடம் கூடுதல். ஜனவரி என்றால் செப்டம்பரிலேயே தூக்கம். கோட்டைப் பரிந்துரைக்க வேண்டியவர் ஆயுள்.

அவர் ஜனவரி என்று சொல்வதாக முடிவுசெய்துவிட்டார். யாராவது கேட்டால், “புது வருடம், புதுக் கணக்கு, நிர்வாகத்துக்கு வசதி” என்று பதிலும் தயார். அந்த ஆறு மாதத்தால் நிதி ஒன்றும் கவிழ்ந்துவிடாது. நாட்டில் எவனுக்கும் அது யாருக்காகப் போட்ட கோடு என்று தெரியப்போவதும் இல்லை. முப்பது வருட நேர்மைக்கு நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாக ஒரே ஒரு மனைவி தப்பித்துப் போனால் போகட்டுமே.

விதி தொண்டைக் கட்டு வடிவத்தில் வந்தது. வாரியத் தலைவர் அம்மையாருக்குப் பேச்சு எழும்பவில்லை. புதுத் திட்டத்தைத் தொலைக்காட்சியில் விளக்க வேண்டிய நாள் அன்று. அம்மையார் சைகையால் ஆயுளைச் சுட்டிக்காட்டினார். முகத்தில் மாவு அப்பி, காலருக்குள் ஒலிவாங்கியைச் செருகி, நேரலையில் உட்கார்த்திவிட்டார்கள். அவர் மக்கள்தொகைக் கூம்பைப் பற்றித் தொடங்கியதும், எதிரே கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த இளைஞர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

“சார், நம்ம நேயர்களுக்குப் புரியுற மாதிரி, சிம்பிளா ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.”

விளக்கு வெளிச்சத்தில் ஆயுளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மறக்காத ஆள் ஒருவர்தான்.

“ஒரு பெண்மணின்னு வெச்சுக்குவோம். வர்ற செப்டம்பர்ல அறுபது முடியுது. பெரிய ஆஸ்பத்திரில சலவைக்கூடத்துல வேலை. கோட்டை ஜூலைல போட்டா, இவங்க இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கணும்.”

“அய்யோ பாவம்.”

“பாவமெல்லாம் இல்லைங்க. இவங்க ஆரோக்கியம்தான் பிரச்சினையே. முழங்கால் வலியைத் தவிர ஒரு கோளாறு கிடையாது. இவங்க அம்மாவே தொண்ணூத்தி மூணு வயசுல இன்னும் கண்ணாடி இல்லாம ஊசி கோக்கறாங்க. இப்படிப்பட்டவங்க லேசுல போக மாட்டாங்க. எப்படியும் தொண்ணூறு வரைக்கும் இழுத்துடுவாங்க.”

“இழுத்துடுவாங்களா?”

“கண்டிப்பா. நிதிக்கு அதுதான் பெரிய பாரம்.”

சலவைக்கூடத்தின் உணவறையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. இருபது பெண்கள் காபிக் கோப்பையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இருபது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ஜோடிக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அக்கா, நீங்க எப்ப போவீங்கன்னு உங்க வீட்டுக்காரர் ஊரையே கூட்டி வெச்சு விசாரிக்கிறாரு.”

அன்று மாலை ஆயுள் வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு தட்டு இருந்தது.

“உக்காருங்க சார்,” என்றார் மனைவி. சார் என்ற சொல் அந்த வீட்டில் அதற்கு முன் ஒலித்ததில்லை.

“நீ சாப்பிடலையா?”

“நிதிக்குப் பாரமா இருக்கேனே. ஒரு வேளையாவது குறைச்சுக்கறேன்.”

“நான் உன்னைச் சொல்லலம்மா. உதாரணத்துக்குத்தான்…”

“ஓ! எங்க அம்மாவைத் தவிர இன்னொரு அம்மா எங்க ஊசி கோத்துட்டிருக்காங்க, சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்.”

அழைப்பு மணி அடித்தது. மனைவியின் தம்பி. ட்ராம் ஓட்டுகிறவர், தொழிற்சங்கத்தில் தொண்டை உள்ளவர். வந்த வேகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மாமா, அக்கா கணக்கை டிவில கேட்டேன். என் கணக்கையும் சொல்லிடுங்க. நான் எவ்வளவு தாங்குவேன்?”

“வேணாம்ப்பா.”

“சும்மா சொல்லுங்க மாமா, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்.”

“நீ ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறவன். நிதிக்கு ரொம்ப நல்லவன்.”

மைத்துனர் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, அடுத்த வாரம் வாரியம் நடத்தும் பொது விசாரணையில் அக்காவைத்தான் சங்கத்தின் சார்பில் பேசவைக்கப் போவதாக அறிவித்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரத்தில் மனைவி நாடறிந்த உதாரணமாகிவிட்டார். பத்திரிகைகள் ‘உதாரணப் பெண்மணி’ என்று எழுதின. ரொட்டிக் கடைக்காரர், “வாங்க உதாரணம், சௌக்கியமா? முழங்கால் எப்படி?” என்று கேட்டார். நோயாளிகள் விரிப்பு மாற்ற வந்த பெண்களிடம் அவரைப் பற்றி விசாரித்தார்கள். வீட்டில் ஆயுளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு மட்டும் கிடைக்கவில்லை. சண்டை போட்டாலாவது தேவலை என்று இருந்தது. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் அவரே வாயைத் திறந்தார்.

“உனக்காகத்தான் நான் ஜனவரின்னு எழுதறதா இருந்தேன்.”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. “அப்ப எழுதிட வேண்டியதுதானே?”

“இப்ப எப்படி எழுதறது? ஜனவரின்னு நான் சொன்ன நிமிஷம், பொண்டாட்டிக்காகப் போட்ட கோடுன்னு நாடே கை கொட்டிச் சிரிக்கும். எல்லாரும் உன்னையேதான் பாத்துட்டிருக்காங்க.”

“யாரு காட்டிக் குடுத்தது?”

மனைவி இரண்டு துண்டுகளை மடித்து அடுக்கினார். மூன்றாவதைக் கையில் எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஜனவரின்னா, பிப்ரவரிக்காரிக்கு என்ன ஆகும்?”

“யாரு பிப்ரவரி?”

“என் ஜோடி.”

“அவங்க… ரெண்டு வருஷம் இருக்கணும்.”

“தனியாவா?”

“வேற யாரையாவது போடுவாங்கல்ல.”

“போடுவாங்க. போனைப் பாத்துக்கிட்டே மடிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு. போன மாசம் ஒருத்தி கட்டைவிரலைப் பதம் பார்த்துது.” துண்டை மடிக்காமலே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார் அவர்.

பொது விசாரணை நடந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. முதல் இரண்டு வரிசையும் சலவைக்கூடம். மேடையில் தலைவர் அம்மையார். தொண்டை தேறியிருந்தது, அதற்குள் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்தார். ஓரத்தில் ஆயுள். அவருக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி அதிகாரி. பணப் பட்டுவாடாவைப் பார்ப்பவர், எந்த விதி மாறினாலும் அலறுபவர்.

“உதாரணம் வந்திருக்காங்களா?” என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது. மனைவி எழுந்து, முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக மேடையேறினார்.

“அம்மா, ஆள் குறையுது, வயசானவங்க கூடறாங்கன்னு எங்க வீட்ல ஒருத்தர் முப்பது வருஷமா சாப்பாட்டோட சேத்து ஊட்டியிருக்காரு. அதனால வயசைக் கூட்டாதீங்கன்னு சொல்ல நான் வரல.”

சங்கத்து வரிசையில் மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அக்கா, எழுதிக் குடுத்ததைப் படிக்கா!”

“நீ சும்மா இருடா. கோடு போடுங்க, வேணாங்கல. ஆனா எங்க போட்டாலும் யாரோ ரெண்டு பேருக்கு நடுவுலதான விழும்? இந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு ஒண்ணுமே இல்ல, அந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு முழுசா ரெண்டு வருஷம். நாங்க ஒரே விரிப்பை ரெண்டு முனைல பிடிச்சிட்டு நிக்கிறோம். இந்த முனைக்கு விடுதலை, அந்த முனைக்குத் தண்டனைன்னா என்ன நியாயம்?”

சலவைக்கூடம் மேசைகளைத் தட்டியது. தலைவர் ஆயுளைப் பார்த்தார். ஆயுள் எழுந்தார்.

“இந்தம்மா சொல்றது…”

“எந்தம்மா?” என்றார் மனைவி.

“என் மனைவி சொல்றது…”

“அன்னைக்கே டிவில இதைச் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.”

சிரிப்பு அடங்குவதற்குள் ஆயுளின் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் கணக்கை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. “சட்டம்னா எங்கயாவது ஒரு கோடு இருந்துதாங்க ஆகணும். பள்ளிக்கூடத்துல சேக்க ஒரு வயசு, ஓட்டுப் போட ஒரு வயசு. எல்லையில இருக்கிறவங்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும்.”

“வருத்தம் இருக்கட்டும், அதுக்காகக் காலை உடைக்கணுமா? எங்க நிலவறைலேந்து மேல வார்டுக்குத் தள்ளுவண்டி போகுது. ஏத்தம் ஒரு ஆள் உயரம். ஏன் அங்க படி வைக்கல, சரிவா வெச்சிருக்காங்க? அந்த உயரத்தை ஒரே படியா வெச்சா எவ தூக்குவா?”

வீடாக இருந்திருந்தால் ஆயுள் இதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பார். ஆனால் அந்த அம்மாள் பக்கவாட்டில் மேடையேறியதை இப்போதுதான் பார்த்திருந்தார். சரிவு என்பது அவருக்குத் தெரியாத வழியும் அல்ல. இரண்டு வருடத்தை ஒரே தாவலாகத் தாவாமல், அறுபதைத் தொடும் மாதத்துக்கு ஏற்ப ஒவ்வொரு மாதமாக ஏற்றலாம். ஜூலையில் தொடுகிறவருக்கு ஒரு மாதம், ஆகஸ்டுக்கு இரண்டு, இப்படியே போய் இருபத்துநாலில் நிற்கும். போன வருடமே இதைக் கணக்கிட்டிருந்தார். “மாசத்துக்கு ஒரு விதியா? எங்களைக் கொன்னுடுங்க” என்று மூன்றாம் மாடி அலறியதால், ஊர்வம்பு எதற்கு என்று அப்போது விட்டுவிட்டார்.

இப்போது அதை எடுத்துச் சொன்னார். சொல்லச் சொல்ல, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு முனகல் கேட்டது.

“நிதி தாங்குமா?” என்றார் தலைவர்.

“முதல் ரெண்டு மூணு வருஷம் முக்கும், முனகும். அப்புறம் எந்த வழியில போனாலும் ஒரே கணக்குதான். ஆனா இதுல…” மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். “இதுல என் மனைவிக்கும் லாபம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்குப் பதில் மூணு மாசம். அது எல்லாருக்கும் தெரியட்டும். நான் கணக்கை மட்டும் வெக்கிறேன். முடிவை நீங்களே எடுங்க.”

மனைவி அவரைப் பார்த்தார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக, பாரம் எதுவும் இல்லாத பார்வை.

தலைவர் மூன்றாம் மாடியின் பக்கம் திரும்பினார். “உங்களால முடியாதுங்கிறீங்களா?”

“முடியாதுன்னு இல்லைங்க மேடம். கஷ்டம்.”

“முப்பது கிலோ ஈர விரிப்பை விடவா?” என்றது முதல் வரிசை.

வாரியம் சரிவையே ஏற்றுக்கொண்டது. பத்திரிகைகளில் பாதி, வாரியம் பணிந்துவிட்டது என்று எழுதின. மறு பாதி, மக்களை ஏமாற்றிவிட்டது என்று எழுதின. எல்லாருக்கும் கொஞ்சம் கோபம், யாருக்கும் தலைக்கேறிய கோபம் இல்லை. நல்ல விதிக்கு இதைவிட வேறு அடையாளம் ஆயுளுக்குத் தெரியாது.

அறிவிப்பு வந்த மாலை மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன.

“அப்ப டிசம்பர்,” என்றார் மனைவி.

“டிசம்பர்.”

“அவளுக்கு?”

“எட்டு மாசம்.”

“அஞ்சு மாசம் பிந்திப் பொறந்ததுக்கு அஞ்சு மாசம். சரி, போகட்டும். அக்கான்னு கூப்பிட்டதுக்கு இப்பதான் அர்த்தம் வந்திருக்குன்னு சொல்லிக்கறேன்.” சாப்பாட்டில் கை வைத்தவர் நிமிர்ந்தார். “ஆமா, உங்களுக்கு எவ்வளவு?”

“எனக்கு என்ன?”

“நீங்களும்தானே சம்பளம் வாங்கறீங்க? உங்களுக்கு எத்தனை மாசம்?”

முப்பது வருடமாக எல்லா விதியிலும் மனைவியைப் போட்டுப் பார்த்தவர், தன்னை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவர் அறுபதைத் தொடும்போது சரிவெல்லாம் ஏறி முடிந்து, உச்சியில் தட்டையாகக் கிடக்கும்.

“இருபத்துநாலு,” என்றார் மெதுவாக.

“முழுசா?”

“முழுசா.”

மனைவி சிரிக்கத் தொடங்கினார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், புரை ஏறியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். ஆயுள் எழுந்து வந்து முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

“அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க,” என்றார் ஒருவழியாக மூச்சு வந்ததும். “ஜனவரிலேந்து காலைல ஷூவை வாசல்ல போய்ப் போட்டுக்குங்க. கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது. நான் தூங்கிட்டிருப்பேன்.”

“காபி?”

“மூடி வெச்சுட்டுப் போங்க. எழுந்தப்புறம் சூடு பண்ணிக்கறேன்.”